பெரிய தொகையை நன்கொடையாகக் கேட்பது: அடிக்கடி எழும் கேள்விகள்

பள்ளிக் கட்டடம், நூலகம், டயாலிசிஸ் பிரிவு, முதியோருக்கு மதிய உணவு என்று ஏதோ ஒன்றுக்காகக் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் நிதி திரட்டப் புறப்படுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. ஒரு முன்னாள் மாணவர் சங்கத்துக்காகப் பல ஆண்டுகள் படியேறி இறங்கியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. வருகிறவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை என்பதால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். ரசீதுப் புத்தகத்தோடு கடைத்தெருவில் நூறும் இருநூறும் வசூலிப்பதற்கு இவற்றில் பாதி பொருந்தாது. ஒரே மனிதரிடம், ஒரே தடவையில், பெரிய தொகை கேட்கப் போகிறவர்களுக்காக எழுதியது இது.

பெரிய நன்கொடை என்றால் எவ்வளவு? ஒரு லட்சமா, பத்து லட்சமா?

தொகையை வைத்து இதை வரையறுக்க முடியாது. வீட்டில் யாரையும் கேட்காமல் சட்டைப்பையிலிருந்தோ கைபேசியிலிருந்தோ ஒருவர் கொடுத்துவிடக்கூடியது சிறு நன்கொடை. வீட்டாரிடமும் கணக்குப் பார்ப்பவரிடமும் பேசிய பிறகுதான் கொடுக்க முடியும் என்றால் அது பெரிய நன்கொடை. ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு ஐம்பதாயிரமே அந்த எல்லையைத் தாண்டிவிடும். நகைக்கடை வைத்திருப்பவருக்கு ஐந்து லட்சம்கூடத் தாண்டாமல் இருக்கலாம்.

சிறு தொகை மாத வரவிலிருந்து போகிறது, மனமும் அதை ஒரு செலவாகவே எழுதிக்கொள்கிறது. பெரிய தொகைக்குச் சேமிப்பைத் தொட வேண்டும், சில சமயம் நிலத்தையே தொட வேண்டும். அப்போது "இதை யாருக்காகச் சேர்த்தேன்" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. பின்னால் வரும் பதில்களில் பலவும் இந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்கும்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கையேந்துகிற மாதிரி ஆகிவிடாதா?

"ஏற்பது இகழ்ச்சி" என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். கூச்சம் வராவிட்டால்தான் வியப்பு. அதற்கு அடுத்த வரியாகவே "ஐயம் இட்டு உண்" என்றும் படித்தோம் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம். தனக்காகக் கேட்பதும் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கேட்பதும் வேறு வேறு என்று அறிவுக்குத் தெரிந்தாலும், நாக்கு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, கேட்கப் போகிறவர் தனக்குச் சற்று வலிக்கிற ஒரு தொகையைத் தானே முதலில் கொடுத்துவிடுவதுதான். "நான் இவ்வளவு போட்டிருக்கிறேன்" என்று சொல்லக்கூடியவருடைய குரலில் கெஞ்சல் இருக்காது.

கூச்சத்தின் இன்னொரு பாதி தவறான கணிப்பிலிருந்து வருகிறது. 2008இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் ஃபிளின், வனெஸ்ஸா லேக் இருவரும் வெளியிட்ட ஆய்வுகளில், உதவி கேட்கப் போகிறவர்களிடம் எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்று முன்கூட்டியே மதிப்பிடச் சொன்னார்கள். அவர்களுடைய மதிப்பீடு உண்மை நிலவரத்தைவிட மிகக் குறைவாக இருந்தது. சில சோதனைகளில் ஏறக்குறையப் பாதி அளவுக்குக் குறைந்தது. கேட்பவர் எதிராளிக்கு ஏற்படும் சிரமத்தை மட்டும் எண்ணுகிறார். "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்வது எதிராளிக்கு எவ்வளவு கடினம் என்பதை எண்ணுவதில்லை. அங்கே கேட்கப்பட்டவை கைபேசி இரவல் போன்ற சிறு உதவிகள், லட்சங்கள் அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்கள் உண்மையில் எதற்காகக் கொடுக்கிறார்கள்? புண்ணியத்துக்கா, பேருக்கா?

இரண்டுக்கும்தான், இவை தவிர, செய்நன்றிக்கும், இறந்துபோன தாயின் நினைவுக்கும், பங்காளி கொடுத்துவிட்டானே என்பதற்கும் கொடுக்கிறார்கள். பொருளியலாளர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990இல் எழுதிய கட்டுரை ஒன்று, பிறருக்கு நன்மை விளைய வேண்டும் என்ற விருப்பத்தோடு, கொடுத்தவர் தான் கொடுத்ததால் பெறும் மனநிறைவும் சேர்ந்தே கொடையைத் தூண்டுகிறது என்று விளக்கியது. ஈத்து உவக்கும் இன்பம் என்று நம்மவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதைத்தான். பிறர் கொடுத்தாலே வேலை முடிந்துவிடும் என்ற நிலையிலும் ஒருவர் தன் கையாலும் கொடுக்க விரும்புவது ஏன் என்பது இதனால் புரிகிறது.

தஞ்சைப் பெரிய கோவிலுக்குத் தான் கொடுத்தவை, தன் அக்கன் கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, இன்னும் கொடுத்தார் கொடுத்தவை ஆகிய எல்லாவற்றையும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டச் சொன்னார் முதலாம் ராஜராஜர். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அதைப் படிக்கிற நாம், அவருக்குப் பெயராசை என்று முகம் சுளிப்பதில்லை. கொடையாளியின் நோக்கத்தைப் புடம்போட்டுப் பார்ப்பது உங்கள் வேலை இல்லை. அவரைத் தூண்டுவது எது என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பொய்யில்லாமல் இடம் கொடுப்பது உங்கள் வேலை.

மொய் என்றால் திருப்பிச் செய்கிறோம். நன்கொடைக்கு நாங்கள் என்ன திருப்பித் தர முடியும்?

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்துக்குப் போனவர்களுக்கு இது தெரியும்: கறிச்சோறு ஒரு பக்கம், மொய் நோட்டு மறுபக்கம், வாங்கியது எவ்வளவு, செய்ய வேண்டியது எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு எழுத்தில் இருக்கும். அது வட்டியில்லாக் கடன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பலரைக் கைதூக்கி விட்டிருக்கிறது. ஆனால் டெல்டாக்காரர் ஒருவரிடம் பெரிய தொகை கேட்கும்போது அவர் மனத்தின் ஓரத்தில் அந்த நோட்டு விரிந்துதான் இருக்கிறது. "இது எப்படித் திரும்பும்" என்று அவர் கேட்காமலே கேட்கிறார்.

பணமாகத் திரும்பாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பதிலுக்கு அவருடைய பேரனுக்குப் பள்ளியில் இடம், கட்டட ஒப்பந்தம், கமிட்டியில் பதவி என்று எதையும் வாக்களிக்காதீர்கள். வாக்களித்த அன்றே அது வியாபாரமாகிவிடும். திரும்பக் கூடியவை மூன்று: செலவுக் கணக்கு, நடந்த வேலையை நேரில் பார்க்கும் வாய்ப்பு, அவர் விரும்பினால் பெயர். முதல் இரண்டையும் ஒழுங்காகத் தருகிற அமைப்புகள் மிகக் குறைவு என்பதால், தருகிறவர்களுக்கு அதுவே பெரிய மூலதனம்.

ஊரிலேயே பெரிய பணக்காரர் வீட்டுக்கு முதலில் போகலாமா?

எல்லோரும் அங்கேதான் போகிறார்கள் என்பதே போகாமல் இருக்கக் காரணம். பெரிய காரை வைத்து ஆளை எடைபோடாதீர்கள்; இருபது ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவரிடம் கையில் ரொக்கம் இல்லாமல் இருக்கலாம், இருபது ஆண்டுகள் அரசு மருத்துவராக இருந்து வாடகை வீட்டிலேயே ஓய்வுபெற்றவரிடம் இருக்கலாம். கொடுக்கும் வசதி, உங்கள் வேலையோடு ஏதோ ஒரு தொடர்பு, இதற்கு முன் எதற்காவது கொடுத்த பழக்கம் ஆகிய மூன்றில் வசதிதான் கடைசியில் பார்க்க வேண்டியது. அந்தப் பள்ளியின் பின்வரிசையில் உட்கார்ந்து படித்து, இன்று திருப்பூரில் சிறிய பட்டறை நடத்துபவர், பள்ளியை அறியாத கோடீஸ்வரரைவிடப் பத்து மடங்கு கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவதுதானே நேர்மை? சுற்றி வளைப்பானேன்?

எதற்காகப் பார்க்க வருகிறீர்கள் என்பதை மறைக்கக் கூடாது, அதுதான் நேர்மை. "நூலகம் கட்ட நினைக்கிறோம், நிதியும் திரட்டப் போகிறோம், இன்று பணம் கேட்க வரவில்லை, திட்டத்தைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்க வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். 2008இல் வெண்டி லியு, ஜெனிஃபர் ஆக்கர் ஆகியோர் செய்த ஆய்வுகளில், முதலில் நேரத்தைப் பற்றியும் பிறகு பணத்தைப் பற்றியும் கேட்கப்பட்டவர்கள், நேரடியாகப் பணம் மட்டும் கேட்கப்பட்டவர்களைவிடக் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தார்கள். பணம் என்றதும் மனம் லாப நட்டக் கணக்கில் இறங்குகிறது. நேரம் என்றதும் அந்த வேலையில் தானும் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறது.

யோசனை கேட்டால் அதைக் காதில் வாங்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மாடியில் நூலகம் வைத்தால் வயதானவர்கள் எப்படி ஏறுவார்கள் என்று அவர் கேட்டிருந்தால், அடுத்த முறை போகும்போது வரைபடத்தில் அது தரைத்தளத்துக்கு இறங்கியிருக்க வேண்டும், அல்லது ஏன் இறங்கவில்லை என்பதற்கு உங்களிடம் விளக்கம் இருக்க வேண்டும்.

எந்த மாதத்தில் போனால் நல்லது?

மேட்டூரைக் கேளுங்கள். ஜூன் 12இல் அணை திறந்த ஆண்டுக்கும் தள்ளிப்போன ஆண்டுக்கும் விவசாயியின் முகம் மட்டுமல்ல, உரக்கடைக்காரர், துணிக்கடைக்காரர் முகமும் மாறும். குறுவைப் பணம் தீபாவளியோடு போய்விடும். சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் பணம் கைக்கு வரும் மாசி, பங்குனிதான் நிலத்தை நம்பியவர்களுக்கு ஏற்ற காலம். சம்பளக்காரர்களுக்கும் மருத்துவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. வீட்டில் திருமணம் வைத்திருப்பவரிடமும், துக்கம் நடந்து ஆண்டு நிறையாதவரிடமும் நீங்களாகப் போய்க் கேட்காதீர்கள். இரண்டாமவர் நினைவு நிதி என்று தானாக வந்தால் அது வேறு.

"உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்பதுதானே மரியாதை? தொகையைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா?

சிறு வசூலுக்கு நீங்கள் சொல்வது சரி. 1976இல் ராபர்ட் சியால்டினியும் டேவிட் ஷ்ரோடரும் அமெரிக்காவில் வீடு வீடாகப் போய் நடத்திய சோதனையில், "ஒரு பென்னி கொடுத்தாலும் உதவும்" என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்ததும் கொடுத்தவர்களின் பங்கு 29 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது. கொடுக்காமல் தப்பிக்க வழியே இல்லாதபடி அந்த வாக்கியம் வாசலை அகலத் திறந்துவிடுகிறது.

பெரிய கொடையில் அதே வாக்கியம் கெடுதல் செய்கிறது. தொகை சொல்லப்படாதவர் இரண்டு பயங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார்: குறைத்துக் கொடுத்தால் கஞ்சன் என்பார்கள், கூட்டிக் கொடுத்தால் ஏமாளி என்பார்கள். அந்தத் தர்மசங்கடத்திலிருந்து வெளியேற எளிய வழி, பத்தாயிரத்து ஒன்றை ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவதுதான். மரியாதையாகத் தொடங்கி மரியாதையாகவே முடிந்துவிடும். நூலகம் மட்டும் எழும்பாது.

ஆகவே தொகையைச் சொல்லுங்கள், அந்தத் தொகை எதற்கு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். "வாசிப்பறைக்கு எட்டு லட்சம் ஆகிறது, அந்த எட்டு லட்சத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்க வந்திருக்கிறோம்." இதில் "தயவுசெய்து", "ஏதோ", "சிரமம் இல்லாவிட்டால்" போன்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டில் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். எண்ணை உச்சரிக்கும் இடத்தில்தான் குரல் கம்முகிறது.

இருபது லட்சம் கேட்டுவிட்டுப் பிறகு எட்டுக்கு இறங்கினால் எளிதில் கிடைக்குமாமே?

யாரோ அரைகுறையாகப் படித்துச் சொல்லியிருக்கிறார். சியால்டினியும் அவருடைய குழுவினரும் 1975இல் வெளியிட்ட சோதனையில், குற்றம் செய்து பிடிபட்ட சிறார்களை ஒரு நாள் விலங்குக் காட்சிச்சாலைக்கு அழைத்துப் போக முடியுமா என்று மாணவர்களிடம் கேட்டபோது 17 சதவீதம் பேரே ஒப்புக்கொண்டார்கள். வாரம் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் அச்சிறார்களோடு பணியாற்ற முடியுமா என்று முதலில் கேட்டு, அவர்கள் மறுத்த பிறகு இதைக் கேட்டபோது 50 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் இறங்கி வந்ததால் தானும் இறங்கி வர வேண்டும் என்ற கடமையுணர்வு அங்கே வேலை செய்கிறது.

அங்கே கேட்டவரும் கேட்கப்பட்டவரும் மறுபடி சந்திக்கப் போவதில்லை. நீங்களோ அவரை அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் பார்ப்பீர்கள். வெற்றிலை மண்டியிலும் மாட்டுச் சந்தையிலும் வாழ்நாள் முழுக்கப் பேரம் பேசியவருக்கு, ஏற்றிச் சொல்லி இறக்குவது முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். தெரிந்தபின், உங்கள் மதிப்பீட்டுப் பட்டியலில் உள்ள மற்ற எண்களையும் அவர் நம்ப மாட்டார்.

தொகையைச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அப்போது என்ன சொல்ல வேண்டும்?

எதுவும் சொல்லக் கூடாது. நான் கற்றுக்கொண்டவற்றில் அதிக விலை கொடுத்துக் கற்றது இதுதான்.

ஒரு தை மாதக் கடைசியில், ஓர் அரிசி ஆலையின் களத்து ஓரத்தில் நானும் சங்கத்தின் செயலாளரும் மில் முதலாளியின் எதிரே உட்கார்ந்திருந்தோம். பள்ளி ஆய்வகத்துக்குப் பத்து லட்சம் என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. களத்தில் காய்ந்த நெல்லில் ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதினார். ஓர் அரிசியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். உள்ளே சல்லடை ஆடும் சத்தம் மட்டும் கேட்டது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. செயலாளரால் தாங்க முடியவில்லை. "ஐந்து கொடுத்தாலும் போதும், ஐயா" என்றார். முதலாளி கையைத் தட்டிவிட்டு, "சரி தம்பி, ஐந்தே செய்துவிடுவோம்" என்று எழுந்தார். பல மாதங்கள் கழித்து ஒரு விசேஷ வீட்டில் அவரே சொன்னார்: "அன்றைக்கு எந்த பாங்கில் இருந்து பத்து எடுக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்களே குறைத்துக்கொண்டீர்கள்."

கேட்டவருக்கு அந்த மௌனம் மறுப்பாகத் தெரிகிறது. கேட்கப்பட்டவருக்கு அது கணக்குப் போடும் நேரம். முதல் பதிலில் சொன்ன "யாருக்காகச் சேர்த்தேன்" என்ற கேள்விக்கு அவர் அப்போதுதான் விடை தேடிக்கொண்டிருக்கிறார். இருவராகப் போகும்போது, யார் தொகையைச் சொல்வது, சொன்னபின் இருவரும் வாயைத் திறப்பதில்லை என்பதை வண்டியில் போகும்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் இல்லை என்றுதானே பொருள்?

பாதி நேரம் அப்படித்தான், மறுபாதி நேரம் அது முழு உண்மை. பெரிய நன்கொடை என்பதே வீட்டில் கேட்டுக் கொடுப்பது என்று மேலே வரையறுத்துவிட்டு, அவர் அப்படிச் சொன்னதும் மனம் தளர்வது பொருந்தாது. தவறு பெரும்பாலும் நம் பக்கம் இருக்கும்: ஐயாவிடம் மூன்று முறை பேசியிருப்போம், காபி கொண்டுவந்து வைத்த அம்மாவிடம் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டோம். பல வீடுகளில் சேமிப்பைத் தொடும் முடிவு அவருடையது. "அம்மாவும் இருக்கும்போது ஒரு நாள் வருகிறோம், அவர்களுக்கும் சந்தேகம் இருந்தால் கேட்கட்டும்" என்று சொல்லி நாளையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளை அவர் இரண்டு முறை தள்ளிப்போட்டால் விடை கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணீர் வரவழைக்கும் படம் காட்டுவதா, கணக்கு விவரம் காட்டுவதா?

டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மாலி நாட்டைச் சேர்ந்த ரோகியா என்ற ஒரே சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலரும், பஞ்சத்தைப் பற்றிய புள்ளிவிவரங்களை மட்டும் படித்தவர்கள் 1.14 டாலரும் கொடுத்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை 1.43 டாலருக்குச் சரிந்துவிட்டது. ஒரு முகத்துக்கு இளகிய மனம், லட்சக்கணக்கானவர்கள் என்றதும் "நான் ஒருவன் கொடுத்து என்ன ஆகிவிடும்" என்று இறுகிக்கொள்கிறது.

இது ஒன்றிரண்டு டாலர் கொடுத்தவர்களைப் பற்றிய கண்டுபிடிப்பு. எட்டு லட்சம் கொடுக்கப் போகிறவர் இளகிய பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து கணக்கைக் கேட்பார். அப்போது அது உங்கள் பையில் இருக்க வேண்டும். ஒரு குழந்தையின் நிலையை முதலிலும், மதிப்பீட்டுத் தாளை அவர் கேட்ட பிறகும் எடுப்பது என் வழக்கம். படம் காட்டுவதாக இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், குழந்தையைப் பரிதாபமாக நிற்கவைத்து எடுத்த படமாக இருக்கக் கூடாது. சின்ன ஊர் இது. நாளைக்கு அந்தப் பெண் அதே கொடையாளியின் கடையில் வேலைக்குச் சேரலாம்.

கட்டடத்துக்குத் தருகிறார்கள், வாட்ச்மேன் சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் யாரும் தருவதில்லையே?

தன் பணம் சம்பளமாகக் கரைவதை யாரும் விரும்புவதில்லை. யூரி க்னீசி முதலானோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 40,000 பேருக்கு நிதி கோரிக் கடிதம் அனுப்பினார்கள். "நிர்வாகச் செலவை ஏற்கெனவே வேறொருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார், உங்கள் பணம் முழுவதும் பணிக்கே போகும்" என்று சொன்ன கடிதத்துக்குத்தான் மற்ற எல்லா முறைகளையும்விட அதிகம் வசூலானது. ஆகவே நிர்வாகம் புரிந்த ஒருவரை, தொழிலில் சம்பளப் பட்டுவாடா செய்து பழகிய ஒருவரைத் தனியாகத் தேடி, அந்தச் செலவை மட்டும் ஏற்கச் சொல்லுங்கள். அவரால்தான் மற்றவர்கள் கொடுக்கிறார்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு வழி வைப்புநிதி, அதாவது முதலைத் தொடாமல் அதன் வட்டியிலிருந்து செலவைப் பார்த்துக்கொள்வது. சோழர் காலத்தில் நந்தா விளக்குக்குக் கொடை செய்தவர்கள் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்று விட்டார்கள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டி ஈன்று மந்தை குறையாமல் இருந்ததால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். டயாலிசிஸ் இயந்திரத்தைக் கொடுப்பவரிடம், அதை ஓட்டுவதற்கான ஆடுகள் எங்கே என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். இந்த உதாரணத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு வைப்புநிதிக்குக் காசோலை எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஊரைக் கூட்டி அறிவித்துவிட்டுப் பிறகு பெரியவர்களிடம் போகலாமா?

வரிசையை மாற்றுங்கள். 2002இல் ஜான் லிஸ்ட், டேவிட் லக்கிங்-ரைலி இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கணினி வாங்கும் நிதிக்கு, இலக்கில் 10 சதவீதம் முன்பே சேர்ந்துவிட்டது என்று அறிவித்ததற்கும் 67 சதவீதம் சேர்ந்துவிட்டது என்று அறிவித்ததற்கும் இடையே வசூல் ஏறக்குறைய ஆறு மடங்கு உயர்ந்தது. வடம் நகரத் தொடங்கிய தேரில்தான் எல்லோரும் கை வைப்பார்கள். பாதிக்கு மேல் பெரிய கொடைகளில் உறுதியான பிறகு மேடை போடுங்கள்.

"நீங்கள் எவ்வளவு திரட்டினாலும் அதே அளவு நானும் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அதையும் அறிவிக்கலாம். 50,000 பேருக்கு மேல் கடிதம் அனுப்பி டீன் கார்லனும் லிஸ்டும் 2007இல் கண்டபடி, இப்படி ஈடு கொடுப்பது ஒரு கடிதத்துக்கான வசூலை 19 சதவீதம் உயர்த்தியது. ஒன்றுக்கு ஒன்றுக்குப் பதில் ஒன்றுக்கு மூன்று என்று கூட்டியதால் மேற்கொண்டு பலன் இல்லை.

டியூப் லைட்டில்கூட உபயம் என்று பெயர் எழுதச் சொல்கிறார்கள். இன்னொருவரோ பெயரே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

எழுத்து விளக்கை மறைக்காத அளவுக்கு எழுதுங்கள். பெயரின் அளவு, இடம், எத்தனை ஆண்டுக்கு என்பதைப் பணம் வாங்கும் முன் எழுத்தில் முடிவு செய்துவிட்டால் சச்சரவு இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவு எழுத்து என்று ஒரு பள்ளியில் வைத்தோம். முணுமுணுத்தவர்களும் பிறகு அதையே பெருமையாகச் சொன்னார்கள்.

பெயர் வேண்டாம் என்பவருடைய விருப்பத்தையும் காப்பாற்றுங்கள். ஆனால் பலகையில் வேண்டாம் என்பதும் பதிவேட்டில் வேண்டாம் என்பதும் வேறு. கொடுத்தவரின் பெயரும் முகவரியும் பதிவில் இல்லாத நன்கொடைக்கு, ஒரு வரம்புக்கு மேல், 30 சதவீத வரி உண்டு. கோவில் உண்டியல் போன்ற சமயம் மட்டுமே சார்ந்த அறநிலையங்களுக்கு உள்ள விலக்கு பொது அறக்கட்டளைக்குக் கிடையாது. இதை விளக்கினால் யாரும் மறுப்பதில்லை.

வரிச் சலுகையைச் சொல்லிக் கேட்டால் பெரிய தொகை வருமா?

வரி பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை, மார்ச் மாதத்தில் நாள் குறிக்க மட்டும் உதவும். 80ஜி என்று எல்லோரும் அழைக்கும் சலுகையில், பதிவுபெற்ற பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் 50 சதவீதத்தையே, அதுவும் வருமானத்தை ஒட்டிய உச்சவரம்புக்குள், கழிக்க முடியும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சலுகை இல்லை; புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் இல்லை. "முழுவதும் வரியில் கழிந்துவிடும்" என்று ஆர்வத்தில் சொல்லிவிட்டால், அவருடைய ஆடிட்டர் உண்மையைச் சொல்லும் நாளில் உங்கள் பெயர் கெடும்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் கேட்கலாமா?

கேட்கலாம், ஊரைவிட்டுப் போனவர்களுக்கு ஊர்மேல் உள்ள ஏக்கம் உள்ளூர்க்காரர்களுக்கு இருப்பதில்லை. ஆனால் முதலில் கடவுச்சீட்டைப் பற்றிக் கேளுங்கள். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவர், உங்கள் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவரிடம் வாங்க எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கே வர வேண்டும். பதிவு இல்லாமல் அண்ணன் கணக்கில் போட்டு வாங்கிக்கொள்ளும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மறுக்க முடியாத ஒரு பெரியவரை முன்னால் வைத்துக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார்கள். சரிதானா?

முடியும், ஒரே ஒரு முறை. 2012இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, லிஸ்ட், உல்ரிகே மால்மெண்டியர் ஆகியோர் சிகாகோ புறநகரில் வீடு வீடாக வசூலுக்கு ஆள் அனுப்பினார்கள். இன்ன நேரத்துக்கு வருகிறோம் என்று முன்கூட்டியே சீட்டு தொங்கவிட்ட வீடுகளில் கதவைத் திறந்தவர்கள் 9 முதல் 25 சதவீதம் குறைந்தார்கள். வர வேண்டாம் என்று குறியிடவும் சீட்டில் இடம் கொடுத்தபோது கொடை 28 முதல் 42 சதவீதம் குறைந்தது. கொடுத்தவர்களில் ஒரு பங்கினர் விரும்பிக் கொடுக்கவில்லை, தப்பிக்க முடியாமல் கொடுத்தார்கள் என்பது இதன் பொருள்.

கடன் கொடுத்தவரையோ, அதிகாரியையோ, சம்பந்தியையோ அழைத்துக்கொண்டு போவது இந்த வகை. திட்டத்தை நம்புகிற, தானும் கொடுத்திருக்கிற ஒரு நண்பரை அழைத்துப் போவது வேறு வகை. எளிய சோதனை ஒன்று உண்டு: அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் கூட வந்தவரால் அவருக்கு ஏதேனும் கெடுதல் வருமா? வரும் என்றால் அவரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஆற்று மணலில் சம்பாதித்தவர் பத்து லட்சம் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

இதை அந்தப் பத்து லட்சம் மேஜைமேல் இருக்கும்போது முடிவு செய்ய முயலாதீர்கள்; அந்த நேரத்தில் எல்லா மனமும் நல்ல காரணங்களைக் கண்டுபிடித்துவிடும். யாரிடம் வாங்குவதில்லை என்பதைக் கமிட்டி முன்பே பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும். வழக்கு நிலுவையில் உள்ளவர், உங்கள் பயனாளிகளுக்கே தீங்கு செய்தவர் ஆகிய இரண்டு பேரையும் நான் விலக்கச் சொல்வேன். கொள்ளிடத்தில் மணல் போனதால் கிணறு வற்றிய ஊரின் பள்ளிக்கு அதே பணத்தில் குடிநீர்த் தொட்டி கட்டி, அதில் அவர் பெயரையும் எழுதினால், தண்ணீர் பிடிக்க வருகிற பெண்கள் என்ன பேசுவார்கள் என்று யோசியுங்கள். மற்ற எல்லாப் பணத்தையும் துருவிக்கொண்டிருந்தால் எந்த வேலையும் நடக்காது என்பதும் உண்மைதான்.

ஒருமுறை கொடுத்தவரிடம் மறுபடியும் எப்போது கேட்கலாம்?

முதல் கொடை என்ன ஆயிற்று என்று அவர் நேரில் பார்த்த பிறகு. இதற்கு மாதக்கணக்கு இல்லை. ரசீதும் சால்வையும் போதாது. சால்வை போர்த்திய படம் நாளிதழில் வந்ததும் தங்கள் கடமை முடிந்தது என்று நினைக்கிற அமைப்புகள்தான் ஒவ்வோர் ஆண்டும் புதிய கொடையாளியைத் தேடி அலைகின்றன. நான்கு வரிக் கடிதம் ஆண்டுக்கு இரண்டு முறை எழுதுங்கள். அதில் எதையும் கேட்காதீர்கள்.

இதை நான் ஒழுங்காகச் செய்ததாக நினைத்துவிட வேண்டாம். எங்கள் பள்ளிக்குக் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கித் தந்த ஒரு மருந்துக்கடைக்காரரை, இரண்டு ஆண்டுகள் கழித்து, கழிப்பறைக் கட்டடத்துக்காகப் பார்க்கப் போனேன். இடையில் ஒரு கடிதமும் எழுதியிருக்கவில்லை. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மெஷினில் தண்ணீர் நன்றாக வருகிறதா, சார்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். மோட்டார் எரிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இயந்திரத்தின்மேல் சத்துணவுக் கூடத்தின் காலி அரிசிச் சாக்குகளை மடித்து வைத்திருந்தார்கள். மோட்டாரைச் சொந்தச் செலவில் மாற்றி, தண்ணீர் வரத் தொடங்கிய மறுநாள் அவரை அழைத்து வந்து காட்டினேன். ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். கழிப்பறையைப் பற்றி அன்று நான் வாயைத் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.